கையிலுள்ள பொன்னும் கடையிலுள்ள பொன்னும்: சேர்வராயன் மலையின் காபி விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்



காபிப் பழம் பறித்து முடிந்து, மிளகும் காய்ந்து மூட்டையேறிய பிறகு, மாசி பங்குனி மாதங்களில் சேர்வராயன் மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் கடைவீதிக்கு இறங்கும் பணத்தில் கணிசமான பங்கு தங்கமாக மாறி மலையேறுவது புதிய வழக்கமன்று. ஆனால் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி 2025 பிப்ரவரியில் ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டி அதுவரை காணாத உயரத்தைத் தொட்டபோது, அந்த விலையின் ஒரு துளியாவது மலைக்கு வந்து சேர்ந்தது. அதை எங்கே வைப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. பங்குச் சந்தையா, பரஸ்பர நிதியா, நிதி நிறுவன வைப்பா என்று கேட்கப்படும்போது, "கம்பெனிக்காரனை நம்பிக் கொடுப்பதற்குப் பவுன் வாங்கி வைக்கலாம்" என்ற ஒற்றை வாக்கியமே மலையிலும் அடிவாரத்திலும் பதிலாக நிற்கிறது. அந்த வாக்கியத்தின் முதற்பாதி பெருமளவு சரி என்பதையும், இரண்டாம் பாதியில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

முதற்பாதிக்கான சான்றுகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் அசைக்க முடியாத ஆங்கிலேயக் கம்பெனி என்று கருதப்பட்ட அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் கதவை மூடியபோது, மாகாணமெங்கும் ஓய்வூதியக்காரர்களும் சிறு சேமிப்பாளர்களும் அதில் போட்டு வைத்திருந்த பணம் போயிற்று. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். உலகப் பெயர் பெற்ற தணிக்கை நிறுவனம் ஒன்று ஆண்டுதோறும் கையெழுத்திட்டுச் சரிபார்த்த கணக்கு அது. கொங்கு வட்டாரத்திலேயே, திருப்பூரின் பாசி ஃபாரெக்ஸ் வழக்கில் மட்டும் சிக்கிய தொகை 930 கோடி ரூபாய். அதன் இயக்குநர்கள் இருவருக்கு 2022இல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பெருந்துறையின் சுசி ஈமு நிறுவனம் 2012இல் சரிந்தபோது, முதலீடு செய்தவர்களிடம் மிஞ்சியவை தீனி போட ஆளில்லாத பறவைகள் மட்டுமே.

இவற்றோடு கரூரின் லட்சுமி விலாஸ் வங்கியின் சரிவும் தனியே நின்று பார்க்கத் தக்கது. ஏனெனில் அங்கே நடந்தது வெறும் மோசடிக் கதையன்று, அதில் பாடம் அதிகம். 1926இல் உள்ளூர் வணிகர்கள் தொடங்கிய அவ்வங்கி, பெருநிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாகி முதலைத் தின்றதால், 2020 நவம்பர் 17 அன்று தடைக்காலத்துக்குள் கொண்டுவரப்பட்டது. வைப்பாளர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை பத்து நாள் நீடித்தது. நவம்பர் 27 அன்று அவ்வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது, வைப்புத்தொகை வைத்திருந்தவருக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவருக்கோ ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை, பங்கு மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்பட்டது. 318 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒருவகைக் கடன் பத்திரங்களும் அவ்வாறே பூச்சியமாயின. ஒரே வங்கி, ஒரே கட்டடம், ஒரே பெயர்ப்பலகை. கையிலிருந்த காகிதம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே முழுமையாகப் பிழைத்தவரையும் முழுமையாக இழந்தவரையும் பிரித்தது.

இந்த இடத்தில் பொருளியலாளர்கள் கையாளும் ஒரு கருத்தை அறிமுகப்படுத்துவது பொருந்தும். ஒருவரிடம் உள்ள சொத்து வேறொருவர் கொடுத்த வாக்கைச் சார்ந்து நின்றால், வாக்குக் கொடுத்தவர் தவறும்போது சொத்தும் தவறும். இவ்வகை ஆபத்தை எதிர்த்தரப்பு இடர் என்பர். வங்கி வைப்பு என்பது வங்கியின் வாக்கு, கடன் பத்திரம் நிறுவனத்தின் வாக்கு, பங்கு என்பது அதைவிட மெலிந்த, எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சினால் உண்டு என்ற வாக்கு. பெட்டியில் கிடக்கும் பொன் எவருடைய வாக்குமன்று. அதை வெட்டியெடுத்த சுரங்கமும் விற்ற கடையும் நாளையே திவாலானாலும் அதன் எடையில் ஒரு குன்றிமணி குறையாது. தங்கத்தின்மீது தலைமுறை தலைமுறையாக மக்கள் வைத்திருக்கும் பற்றுக்கு அழகும் சடங்கும் சீர்வரிசையும் காரணமாக இருக்கலாம். கம்பெனிகளை நம்பாதவர் அதை நாடுவதற்கான அறிவுசார்ந்த காரணம் இது ஒன்றே. ஆகவே, இந்த ஒரு குணம் எந்தப் பரிவர்த்தனையில் அழிகிறதோ, அந்தப் பரிவர்த்தனையில் தங்கம் என்ற பெயர் மட்டுமே மிஞ்சுகிறது.

பெயர் மட்டும் மிஞ்சிய தங்கத்துக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு இன்னொரு காபி மலையிலேயே கிடைக்கிறது. சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயனில் காபியை ஊன்றி அரை நூற்றாண்டுக்குப் பின், கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பகுதியின் காபித் தோட்டங்கள் நோயால் நொடிந்து கிடந்த வேளையில், அங்குள்ள பாறைகளில் தங்கம் உண்டு என்ற பேச்சு எழுந்தது. அது பொய்யன்று, வெள்ளைக்கல் பாளங்களில் தங்கம் இருக்கவே செய்தது, அப்பகுதியின் பழங்குடிகள் அதற்கு முன்பே அதை அரித்தெடுத்து வந்தனர். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வல்லுநர் பிரோ ஸ்மித்தின் அறிக்கை நம்பிக்கையூட்டவே, 1879க்கும் 1881க்கும் இடையில் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், 40 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பெயரளவு முதலுடன் தொடங்கப்பட்டன. பெயரளவு முதல் என்பது திரட்டிய பணமன்று, திரட்டப் போவதாக ஏட்டில் எழுதிக்கொண்ட தொகை. நொடித்த காபித் தோட்டம் தங்க வயலாக விலை பேசப்பட்டது, தோட்டத்துரை தப்பித்தார், பங்கு வாங்கியவர் மாட்டிக்கொண்டார். பாறையை இடித்துப் பார்த்தபோது, மாதிரிச் சோதனையில் காட்டிய அளவுக்கு மிகக் குறைவாகவே பொன் தேறியதால், சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ எல்லாக் கம்பெனிகளும் மூடப்பட்டு, எந்திரங்கள் காட்டுக்குள் துருப்பிடித்தன. லண்டன் முதலீட்டாளர் வாங்கியது தங்கம் என்று எண்ணினார். வாங்கியதோ தங்கத்தைப் பற்றிய ஒரு கம்பெனியின் பேச்சு.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் அதே பேச்சு வேறு உடையில் வந்தது. ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனம், பொருளாதாரக் குற்றப் பிரிவு தொடுத்த வழக்கின்படி, 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டியது. மாதத்துக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி என்பது வாக்குறுதி. மாதம் முப்பது விழுக்காடு ஈட்டித்தரும் தங்க வணிகம் உலகத்தில் எங்குமே இல்லை என்பது எவருக்கும் தெரியும். ஆயினும் பெயரில் இருந்த கோல்டு என்ற சொல்லே பலருடைய சந்தேகத்தைத் தூங்க வைத்தது. 2023இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ்மீது வழக்குப் பதிவானபோது, தங்கச் சேமிப்பின் பெயரால் 100 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அமலாக்கத் துறை தெரிவித்தது. கம்பெனிகளை நம்பாதவர்களும் இவற்றில் சிக்கினர் என்பதுதான் வேதனை. அவநம்பிக்கையே இங்கே தூண்டிலில் மாட்டிய இரையாயிற்று.

மோசடி நோக்கமே இல்லாத, நேர்மையான நகைக்கடையின் மாதச் சீட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இச்சீட்டுகள் ஏன் பதினொரு மாதத்தோடு முடிகின்றன என்று எவரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் மாதத் தவணையைக் கடை தருவதாகச் சொல்வதால், அது கடைக்காரரின் தாராளம் என்றே கொள்ளப்படுகிறது. உண்மைக் காரணம் 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2014இல் வந்த வைப்புத்தொகை விதிகளில் உள்ளது. பொருள் தருவதற்காகப் பெற்ற முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்த்தால் அது வணிக முன்பணம். தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகை, வைப்புத்தொகைக்கு உரிய கட்டுப்பாடுகள் அனைத்தும் அதைப் பற்றும். அக்கட்டுப்பாடுகளுக்கு வெளியே நிற்கும் பொருட்டே பதினொரு மாதம். அதாவது, சீட்டுக் கட்டுபவர் அந்தப் பதினொரு மாதமும் தங்கம் வைத்திருப்பவரல்லர். கடைக்கு ஈடு ஏதுமின்றிக் கடன் கொடுத்தவர். தனிநபர் கடையும் கூட்டாண்மைக் கடையும் கம்பெனிச் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கண்ணாடிப் பேழையில் மின்னும் நகைகளைக் கண்டு, இவ்வளவு சரக்கு இருக்கும் கடை எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அச்சரக்கின் ஒரு பகுதி, தங்க உலோகக் கடன் என்ற பெயரில் வங்கி கடைக்குக் கடனாக அளந்து கொடுத்த தங்கமாக இருக்கக்கூடும். கடை நொடித்தால் ஈடு பெற்ற வங்கி முதல் வரிசையிலும் சீட்டு அட்டைக்காரர் கடைசி வரிசையிலும் நிற்பர். 1990களின் நிதி நிறுவனச் சரிவுகளுக்குப் பின் தமிழ்நாடு 1997இல் இயற்றிய முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், ஓடியவரின் சொத்தை முடக்கித் தனி நீதிமன்றத்தின் வழி பங்கிட்டுத் தர வகை செய்கிறது. ஆயினும் அந்தப் பங்கீடு பல ஆண்டுக் காத்திருப்பு.

சீட்டைத் தவிர்த்து, கையில் காசு கொடுத்துக் கையில் நகை வாங்குபவருக்கு எதிர்த்தரப்பு இடர் இல்லை. அவர் வேறொரு விலை கொடுக்கிறார். கணக்குக்கு எளிதாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுன் சங்கிலியின் பில்லைக் கூர்ந்து பார்க்கலாம். தங்கத்தின் விலை 80,000. நகை செய்யும்போது உதிர்வதாகக் கணக்கிடப்படும் சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 12 விழுக்காடு என்றால் 9,600. இரண்டும் சேர்ந்த 89,600 ரூபாய்க்கு 3 விழுக்காடு ஜிஎஸ்டி 2,688. கையைவிட்டுப் போவது 92,288 ரூபாய். அதே சங்கிலியை அன்று மாலையே விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பா. கல் பதித்திருந்தால் கல்லின் எடையும் கழியும். ஆக, தங்கத்தின் விலை பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலன்றிப் போட்ட காசு திரும்பாது. அவநம்பிக்கைக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் என்று இதைக் கொள்ளலாம். அணிந்து மகிழ்வதற்காக அதைச் செலுத்துவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேமிப்பு என்று கூறிக்கொண்டு செலுத்துவதுதான் கணக்குப் பிழை. சேமிப்பே நோக்கமானால் நாணயமோ வேலைப்பாடற்ற வளையமோ போதும். வங்கியில் வாங்கும் நாணயத்தை அதே வங்கி திரும்ப வாங்குவதற்கு ரிசர்வ் வங்கி இடமளிப்பதில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

வாங்கும் நகையின் கொக்கிக்கு அருகே, உருப்பெருக்கிக் கண்ணாடியில் மட்டும் தெரியும் அளவில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை, 22K916 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட அடையாளக் குறியீடு. 916 என்பது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பதாகும். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமான இம்முத்திரையில், ஆறிலக்கக் குறியீடு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயிற்று. அக்குறியீட்டைக் கைப்பேசியில் அவ்வமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், எந்தக் கடையின் நகை, எந்த மையம் முத்திரையிட்டது என்பது திரையில் வரும். கடையில் நின்றபடியே செய்ய வேண்டிய வேலை இது. வீடு வந்து செய்வதால் பயன் குறைவு.

கைப்பேசியிலேயே ஒரு ரூபாய்க்கும் தங்கம் வாங்கலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டு வரம்பில் வரவில்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி எச்சரித்தது. கம்பெனிகளை நம்பாதவர்களுக்கு அதைப்பற்றி மேலும் கூறத் தேவையில்லை. அரசின் தங்கப் பத்திரம் வேறு வகை. 2015 நவம்பரில் கிராமுக்கு 2,684 ரூபாய் வீதம் வாங்கியவர், ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டுக்கும் மேல் வட்டியும் பெற்று, 2023 நவம்பரில் 6,132 ரூபாய் வீதம் திரும்பப் பெற்றார். சேதாரமும் இல்லை, திருட்டுப் பயமும் இல்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிய வெளியீட்டை நிறுத்தியது. அரசின் வாக்கும் வாக்கே என்பதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்: 1963இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்து, பொற்கொல்லர் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தின, 1968இல் சட்டமான தங்கக் கட்டுப்பாடு 1990இல்தான் நீங்கியது.

விலை ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. பத்துக் கிராமின் ஆண்டுச் சராசரி 2012இல் 31,000 ரூபாயை ஒட்டி இருந்து, 2015இல் 26,000 ரூபாயை ஒட்டி இறங்கி, 2018இல்தான் பழைய இடத்துக்கு வந்தது. ஆறு ஆண்டு காத்திருந்தவருக்குக் கிடைத்தது போட்ட காசு மட்டுமே. இடையில் மகள் திருமணமோ மருத்துவச் செலவோ வந்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் சேர்வராயன் மலையில் தங்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. சமவெளியின் நிதி ஆலோசகர்கள் அதைக் காண்பதில்லை. வங்கி கடன் தர நிலத்தின் பத்திரத்தைக் கேட்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் பெறும் உரிமை, பிள்ளைகளுக்கு இறங்குமேயன்றி விற்கவோ பிறர் பெயருக்கு மாற்றவோ இயலாதது. நிலம் பறிபோகாமல் காக்கும் அதே விதி, அந்நிலத்தை அடமானத்துக்கு உதவாததாகவும் ஆக்குகிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி படர்ந்து, நிழலில் காபி காய்த்து நிற்கும் இரண்டு ஏக்கரைக் காட்டிக் கடன் பெற முடியாத குடும்பம், மூன்று பவுன் சங்கிலியை மேசைமேல் வைத்தால் அரைமணி நேரத்தில் பணத்தோடு வெளியே வருகிறது. உரத்துக்கும் கவாத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் தேவைப்படும் ஆடி ஆவணியில் சங்கிலி கீழே போய், பழம் விற்ற தை மாசியில் மேலே வருகிறது. இங்கே தங்கம் என்பது முதலீடு என்பதைவிட, கடன் பெறும் தகுதிச் சான்று.

அந்தச் சான்றை எவரிடம் ஒப்படைப்பது என்பதில் மீண்டும் எதிர்த்தரப்பு வந்துவிடுகிறது. நகையை வைத்துக்கொண்டிருப்பதும் ஒரு கம்பெனியே. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் குறித்த விதிகள் வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன: இரண்டரை லட்சம் ரூபாய் வரையான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம், கடன் அடைந்த பின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பாவிட்டால், அந்நிறுவனத்தின் தவறால் நேரும் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 5,000 ரூபாய் ஈடு, ஏலம் விட்டால் தொடக்கக் குறைந்தபட்ச விலை மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கலாகாது, கடன் போக மிஞ்சியது உரியவருக்கு. உரிமமற்ற அடகுக்காரரிடம் இவற்றில் ஒன்றும் செல்லாது. 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோதும், கூட்டுறவில் அடகு வைத்திருந்தவருக்கே அது கிட்டியது. அதே அளவு நகையைத் தனியாரிடம் வைத்திருந்தவர் வட்டி கட்டிக்கொண்டே இருந்தார்.

பெட்டகம் வாடகைக்கு எடுப்பவர் அறிய வேண்டிய வரம்பு ஒன்றுண்டு. தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள் போனால், 2022 ஜனவரி முதல், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே. ஆண்டுக்கு 2,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். மேற்சொன்ன கணக்கு விலையில் இரண்டரைப் பவுன்.

இன்னொரு கணக்கு மலையிலேயே கிடக்கிறது. அதைக் கடைவீதியில் எவரும் சொல்லமாட்டார்கள். அராபிகாச் செடியின் தண்டில் வளைய வளையமாக மேடு தட்டி, இலை வாடி மஞ்சளிக்கும்போது உள்ளே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புழு இருப்பதை அறிந்திருந்தும், வண்டு வெளிவருமுன் அச்செடியைப் பிடுங்கி எரித்துப் புதுக்கன்று நடக் கைக்காசு இல்லை என்று விட்டுவைக்கப்படும் தோட்டங்கள் உண்டு. அதே ஆண்டில் அதே வீட்டுக்கு ஒரு பவுன் வந்திருக்கும். நட்ட கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். அதற்கும் எந்தக் கம்பெனியின் வாக்கும் தேவையில்லை. அறுவடைப் பணத்தில் முதற்பங்கு களத்துக்கும் கன்றுக்கும், ஓராண்டுச் செலவைத் தாங்கும் அளவு வங்கி வைப்புக்கும் போன பிறகு, மிஞ்சியது பொன்னாகட்டும் என்பதே இம்மடல் முன்வைக்கும் வரிசை; ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு 2020 பிப்ரவரியிலிருந்து இருப்பதால், அந்த அளவுக்கு வங்கியின்மீது கோபம் கொள்ளக் காரணமில்லை.

கடைசியாக, வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய ஒன்று. நகை பெண்ணின் கழுத்தில் கிடக்கிறது. பில் கணவர் பெயரில் இருக்கிறது. அடகுச் சீட்டோ மலையிறங்கிப் போன மகன் பெயரில். சீட்டில் பெயருள்ளவர் திடீரென இறந்துவிட்டால், நகைக்கு உரியவளே அதை மீட்க வாரிசுச் சான்றுக்காக ஏற்காட்டில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேர்கிறது. அடுத்த முறை சங்கிலி சேலத்துக்குப் போகும்போது, அதை அணிபவரும் உடன் போய்த் தம் பெயரிலேயே சீட்டை வாங்கி, ஆறிலக்கக் குறியீட்டையும் எடையையும் ரேஷன் அட்டையோடு வைத்திருக்கும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்குப் போகும் பேத்தி எழுதித் தருவாள்.